அம்சவல்லியின் பதினொன்றாம் படம்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் சைக்கிள் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தாலுகா ஆபீஸ் மனு என்று எல்லாம் அங்கே அடித்துத் தரப்படும். நடத்தியவர் அம்சவல்லி. திட்டக்குடிப் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். இருபது வயதில் கல்யாணமாகி விருத்தாசலம் வந்தார். டைப்ரைட்டிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த 2001-ல், தான் வேலை பார்த்த சென்டரையே வாடகைக்கு எடுத்து கம்ப்யூட்டர் கடையாக மாற்றினார்.

இரண்டு வருடம் கழித்து அவரைத் தேடி ஒரு புதுக் கூட்டம் வந்தது. பி.எட். படிக்கிற மாணவர்கள். பாடம் நடத்தக் கரும்பலகை மட்டும் போதாது, கம்ப்யூட்டரில் படம் போட்டும் நடத்திக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. யாருக்கும் செய்யத் தெரியாது. அம்சவல்லிக்கும் தெரியாது. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பத்து நாளில் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு பூவின் பாகங்கள், சோழர் காலத்து ஏரிகள், பிதாகரஸ் தேற்றம் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போயின. எழுத்துகள் இடப்பக்கமிருந்து பறந்து வரும், சுழலும், குதிக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் கைதட்டல் சத்தம், கேமரா கிளிக் சத்தம். பரீட்சை வைக்க வந்த ஆசிரியர்கள் அசந்துபோனார்கள். "பவர்பாயிண்ட் அக்கா" என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை உண்டு.

கணவர் நடராசன் பீங்கான் ஷெட் ஒன்றில் பால் மில் ஆள். பால் மில் என்பது ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் இரும்பு உருளை. உள்ளே கூழாங்கற்கள் கிடக்கும். வெள்ளைக் கல்லைப் போட்டுச் சுற்றவிட்டால் முகப்பவுடர் மாதிரி அரைபட்டு வரும். மூடியைத் திறந்து அதைக் கொட்டிச் சலிக்கும்போது ஷெட்டில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. பொம்மைக்கும் ஃப்யூஸ் கட்டைக்கும் டீ கப்புக்கும் மண் கலவை அங்கிருந்துதான் போக வேண்டும். நடராசன் அந்த வேலையில் பதினைந்து வருடம். அரைபட்டது போதுமா என்பதை விரலிடுக்கில் தேய்த்தே சொல்லிவிடுவார். சுற்றியிருந்த ஐந்து ஷெட்டிலும் அவர் பேர் தெரியும்.

2007 ஆனி மாதம் கடலூரிலிருந்து டாக்டர் பூர்ணிமா கடைக்கு வந்தார். ஒரு அறக்கட்டளையில் வேலை. தொழிற்சாலைகளில் வருகிற நோய்களைப் பற்றித் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பவர். அடுத்த மாதம் பீங்கான் தொழிலாளர்களுக்கு ஒரு வகுப்பு, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே எடுக்க ஒரு வண்டி. வகுப்புக்குக் காட்ட அவர் கையில் நாற்பத்திரண்டு ஸ்லைடு இருந்தது. அத்தனையும் இங்கிலீஷ்.

அம்சவல்லி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"மேடம், இத யாருக்குக் காட்டப்போறீங்க?"

"ஷெட்டுல வேலை செய்யறவங்களுக்கு."

"அவங்க காலையில எட்டு மணிக்குப் போயி மண்ணுல நிக்கறவங்க. நாப்பத்திரெண்டு காட்டினா பதினஞ்சாவதுல தூங்கிடுவாங்க. எங்க வூட்டுக்காரரு அஞ்சாவதுலயே தூங்கிடுவாரு."

டாக்டர் சிரித்தார். மூன்று நாள் இருவரும் உட்கார்ந்து நாற்பத்திரண்டைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல அம்சவல்லி தமிழில் அடித்தார்.

மூன்றாம் நாள் நோயின் அறிகுறிகளுக்கு வந்தார்கள். வறட்டு இருமல். அடித்தார். எடை குறைதல். அடித்தார். மேடான இடத்தில் ஏறும்போது மூச்சு வாங்குதல். பாதியில் நின்றுவிட்டார்.

ஆறு மாதமாக நடராசன் ரயில்வே நடைபாலத்தில் பாதி வழியில் நின்றுவிடுவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பார். "கூட்ஸ் வண்டி எத்தன பொட்டின்னு எண்றேன்" என்பார். வண்டி இல்லாத நேரத்திலும் நின்றார். அம்சவல்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று வீட்டில் கேட்டார்.

"ஏங்க, அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழம எக்ஸ்ரே வண்டி வருது. போயிட்டு வந்துடுங்களேன்."

"எனக்கு என்னா வந்திச்சு? பீடி தொட்டிருக்கனா, சாராயம் தொட்டிருக்கனா?"

"தூசிக்குச் சொல்றேன்."

"தூசி பதினஞ்சு வருசமா இருக்குது. இதையெல்லாம் காட்டிக்கிட்டா மொதலாளி என்னா பண்ணுவான்? ஒடம்பு சரியில்லாதவன் எதுக்குன்னு வேற ஆளப் போட்டுடுவான். நீ பத்திரிகைய அடி, போதும்."

வீட்டில் பேசி இவரை மாற்ற முடியாது என்பது அம்சவல்லிக்குத் தெரியும். ஆனால் வகுப்பில், தன்னோடு வேலை செய்கிறவர்கள் நடுவே உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்தால் ஒருவேளை மனசு மாறலாம். அன்றிலிருந்து அந்தப் பதினெட்டு ஸ்லைடையும் அவர் ஒரு ஆளுக்காகத்தான் செய்தார். தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினார்.

பதினொன்றாவதுதான் முக்கியமானது. இரண்டு எக்ஸ்ரே படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று நல்ல நுரையீரல், இன்னொன்று தூசி படிந்தது. எது எது என்ற வரிகள் கீழேயிருந்து சுழன்று மேலே வரும்படி வைத்தார். கூடவே கேமரா கிளிக் சத்தம்.

முதல் வகுப்பு தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எழுபத்தோரு பேர் வந்திருந்தார்கள். பொம்மைக்குப் பிசிறு எடுக்கிற பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நடராசனும் வந்திருந்தார், பொண்டாட்டி செய்த படம் என்பதற்காக. முதல் எழுத்து பறந்து வந்ததுமே கூட்டம் களைகட்டிவிட்டது.

"பத்திரிகை போடற பொண்ணு நம்ம நுரையீரலுக்கே பத்திரிகை அடிச்சிடுச்சுடா" என்றார் ஒருவர்.

"மொய் எழுதறது யாரு?" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பூவாயி. இருபது வருடமாகப் பிசிறு எடுப்பவர். எந்தக் கூட்டத்திலும் அவர் வாய்க்குத் தனி இடம் உண்டு.

பதினொன்றாவது ஸ்லைடு வந்தது. இரண்டு நெஞ்சுக்கூடுகள் திரையில் நின்றன. கிளிக் என்று சத்தம் வந்ததும், "சிரிங்கடி, போட்டோ எடுக்கறாங்க" என்றார் பூவாயி. மண்டபமே சிரித்தது. கீழேயிருந்து சுழன்று வந்த எழுத்தை யாரும் படிக்கவில்லை.

"ரெண்டையும் பாத்தீங்களா? வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"தெரியுது" என்றது மொத்தக் கூட்டமும்.

டாக்டர் பன்னிரண்டாவதுக்குப் போனார்.

கடைசியில் கைதட்டல் பலமாக இருந்தது. எக்ஸ்ரே வண்டிக்குப் பேர் கொடுக்க ஒரு நோட்டை வாசலில் வைத்திருந்தார்கள். எழுபத்தோரு பேரில் ஆறு பேர் கொடுத்தார்கள். அதில் நடராசன் இல்லை.

மத்தியானம் வீட்டில் நடராசன் நல்ல மனநிலையில் இருந்தார். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய காக்கிக் கவரை எடுத்தார்.

"நீ பயந்துக்கிட்டே இருந்தியே, இந்தா. ரெண்டு வருசத்துக்கு முன்னால காய்ச்சல்ல கெடந்தப்ப எடுத்தது. ஒரு மாசம் கழிச்சு வாய்யான்னாரு அந்த டாக்டரு. காய்ச்சல்தான் போயிடுச்சேன்னு நான் போவல."

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? எம்மாம் வெள்ளை! இன்னைக்கு நீங்க காட்டினீங்களே, கறுப்பா ஒண்ணு, அந்த மாதிரியா இருக்குது? அது பீடி குடிச்சு குடிச்சுப் பொகை புடிச்சவனோடது. என்னோடது மொதல் தரம்."

அம்சவல்லி ஜன்னல் பக்கம் போனார். இரண்டு பக்கத்து நெஞ்சிலும் மேலே, மாவைத் தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். சில இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகியிருந்தன. மூன்று நாள் டாக்டரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைத்தான் அவர் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு ஆளின் நெஞ்சில் பார்த்தது இப்போது புருஷன் கையில் இருந்தது.

"குடுங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

"காட்டு, காட்டு. அவங்க படத்துல நல்லதுன்னு போட்டுக்கட்டும்" என்றார் நடராசன்.

சாயங்காலமே பூவாயி வீட்டுக்குப் போனார் அம்சவல்லி.

"அக்கா, இன்னைக்கு ரெண்டு எக்ஸ்ரே காட்டினமே, அதுல எது நல்ல நுரையீரலு?"

"இது என்னா கேள்வி? வெள்ளையா இருந்திச்சே, அது."

"கறுப்பு?"

"கறுத்தது கழிவு. சூளை பிரிக்கற அன்னிக்கு வந்து பாரு புள்ள. வெள்ளையா வந்தது மொதல் தரம், இந்தப் பக்கம். பொகை புடிச்சுக் கறுத்து வந்தது அந்தப் பக்கம். இருவது வருசமா அதத்தானடி பிரிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அம்சவல்லிக்கு விளங்கிவிட்டது. சூளை ஆறிப் பிரிக்கிற நாளில் ஷெட்டில் இருக்கிற எல்லோரும் சரக்கைக் கண்ணாலேயே தரம் பிரிப்பார்கள். இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அவர்கள் கண் தானாகப் பிரித்துவிடும். வெள்ளை தேறும், கறுப்பு தள்ளுபடி. எக்ஸ்ரேயில் அது தலைகீழ். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும், தூசி படிந்த இடம் வெள்ளையாக விழும். டாக்டருக்கு அது தினமும் பார்க்கிற விஷயம், கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அம்சவல்லிக்கு மட்டும் படம் செய்யும்போது சொல்லித் தந்திருந்தார். மண்டபத்தில் இருந்த எழுபத்தோரு பேரும் "தெரியுது" என்றது பொய்யில்லை. அவர்களுக்குத் தெரிந்தபடி தெரிந்தது. இருமுகிறவன்கூடத் தன் நெஞ்சு வெள்ளையாக இருக்கும் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருந்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கடலூர் போனார். டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"இது யாரோடது?"

"எங்க வூட்டுக்காரரோடது மேடம்."

டாக்டர் விளக்கை அணைத்தார். "படிஞ்சத எடுக்க மருந்து கிடையாது அம்சவல்லி. நான் மறைக்க விரும்பல. ஆனா அந்த இடத்த விட்டு வெளியே வந்துட்டா, இது ஓடற வேகத்தக் கொறைக்கலாம். உள்ளேயே இருந்தா வேகமா ஓடும். இப்பவும் அங்கதான் வேலை செய்யறாரா?"

"இந்நேரம் மில்லுல கல்லு ஏத்திக்கிட்டு இருப்பாரு."

அம்சவல்லி அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பூவாயி சொன்னதைச் சொன்னார். இந்த முறை டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நான் கேட்டேனே, தெரியுதான்னு."

"தெரியுதான்னு கேக்காதீங்க மேடம். தெரியலன்னாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவோம். பள்ளிக்கூடத்துலேருந்து அப்படித்தான்."

கம்ப்யூட்டரில் ஒரு வழி இருந்தது. படத்தைத் திருப்பிப் போடுகிற வழி. இரண்டு பொத்தானைத் தட்டினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். நல்ல நுரையீரல் சூளையில் நன்றாக வெந்த பொம்மை மாதிரி வெளுத்து நிற்கும். அம்சவல்லி அதைச் சொன்னதும் டாக்டர் மறுத்தார். "ஞாயித்துக்கிழமை வண்டி வரும்போது மறுபடியும் படம் காட்டலாம். ஆனா பின்னால அவங்க கைக்கு வரப்போறது நிஜமான ஃபிலிம். நாம திருப்பிப் போட்டதப் பாத்துட்டு அதப் பாத்தா மறுபடியும் ஏமாந்துதான் போவாங்க. இருக்கறத இருக்கற மாதிரியே புரிய வைக்கணும்."

எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அம்சவல்லி வீட்டுக்கு வந்து நடராசனிடம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வெள்ளை நல்லதில்லை, வெள்ளைதான் தூசி, டாக்டர் மில்லை விட்டு வெளியே வரச் சொல்கிறார் என்றார். நடராசன் கவரை வாங்கிப் பீரோவுக்குள் போட்டார்.

"மூணு நாளு படம் பண்ணிட்டு நீயும் டாக்டரு ஆயிட்டியா? கறுப்பு நல்லது, வெள்ளை கெட்டதா? இத போயி ஷெட்டுல சொல்லு, கைகொட்டிச் சிரிப்பாங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகள்தான் இரண்டு பேருக்கும் நடுவே "அப்பா சோறு கேக்கறாரு", "அம்மா சாவி கேக்குது" என்று போய் வந்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அம்சவல்லி துணி துவைக்க உட்கார்ந்தார். நடராசன் வேலைக்குப் போட்டுப் போகிற சட்டை கருநீலம். முந்தின நாள் கழற்றிப் போட்டது கையில் வந்தபோது நீலமாக இல்லை. உதறினால் வெள்ளையாகப் பறந்தது. கல்யாணமான நாளிலிருந்து உதறித் துவைக்கிற சட்டைதான். அன்றைக்குத்தான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கறுப்புதான் நல்லா இருப்பது, வெள்ளை மேலே வந்து உட்கார்ந்தது. அது இந்தச் சட்டையிலேயே இருந்தது.

உடனே ஜவுளிக் கடைக்குப் போய் கன்னங்கரேலென்று ஒரு ரவிக்கைத் துணி வாங்கினார். ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பூவாயியை வழியில் பிடித்தார்.

"பால் மில்லுக்குப் பக்கத்துல சட்டை மாட்டற ஆணி இருக்குதுல்லக்கா, அதுக்கு அடுத்த ஆணியில இத மாட்டிடுங்க. சனிக்கெழம வரைக்கும் தொடாதீங்க, தட்டாதீங்க."

"என்னாடி, புருசனுக்கு மந்திரம் வெக்கறியா?"

"மந்திரம்னே வச்சுக்கங்க."

பூவாயி அவர் முகத்தைப் பார்த்தார். கேலியை நிறுத்திவிட்டு துணியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

போட்டோ ஸ்டுடியோவிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமராவை அம்சவல்லி இரவல் வாங்கி, அதையும் பூவாயியிடம் கொடுத்திருந்தார். செவ்வாய் காலையிலேயே துணி ஆணியில் தொங்குவதைப் பூவாயி ஒரு படம் எடுத்துவிட்டார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று இரண்டு முறை சொல்லித்தர வேண்டியிருந்தது. பிறகு புதன், வியாழன், சனி. அதே ஆணி, அதே இடத்தில் நின்று. நடராசன் அந்தத் துணியைத் தினமும் பார்த்தார். பெண்கள் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து ஒதுக்கிக்கூட வைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்சவல்லி பழைய பதினெட்டு ஸ்லைடையும் திறந்தார். கைதட்டல் சத்தத்தை எடுத்தார். கேமரா சத்தத்தை எடுத்தார். சுழல்கிற எழுத்து, குதிக்கிற எழுத்து எல்லாவற்றையும் எடுத்தார். நான்கு வருடமாகத் தன்னைப் பவர்பாயிண்ட் அக்கா ஆக்கியது அதெல்லாம்தான். ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க ஸ்லைடுகள் மொட்டையாகிக்கொண்டே வந்தன. அறிகுறிகள் என்று ஏழு வரி இருந்த இடத்தில் ஏணியில் ஏறுகிற ஒரு ஆளின் படம் மட்டும் நின்றது. நான்கு துணிப் படங்களையும் சேர்த்து கடைசியில் நின்றது ஒன்பது ஸ்லைடு. எக்ஸ்ரே ஸ்லைடு இப்போது ஒன்பதாவது. ஆனாலும் டாக்டரும் அவரும் அதைப் பதினொன்றாவது என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. எக்ஸ்ரே வண்டி மண்டபத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. "படத்தப் பாத்துட்டுப் பிடிச்சா ஏறுங்க, பிடிக்கலன்னா வடையத் தின்னுட்டுப் போங்க" என்று பூவாயி ஷெட் ஷெட்டாகச் சொல்லி வைத்திருந்தார். அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். நடராசன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பூவாயி ரோட்டில் நின்றே குரல் கொடுத்தார்.

"யோவ் மில்லுக்காரரே, பொண்டாட்டி உள்ள படம் போடுது, நீ இங்க ஒக்காந்து டீ ஆத்திக்கிட்டு இருக்கற. பயமா?"

"எனக்கென்னா பயம்?"

"அப்ப வா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நடராசன் எழுந்து வந்தார்.

இந்த முறை எதுவும் பறக்கவில்லை. நான்கு படங்கள் வந்து போயின. பிறகு திரை முழுக்க ஒரு கறுப்புத் துணி. கீழே ஒரே சொல்: செவ்வாய். டாக்டர் பேசவில்லை. பேச வேண்டாம் என்று அம்சவல்லி சொல்லி வைத்திருந்தார். அடுத்து புதன். துணியின் மடிப்புகளில் லேசாகச் சாம்பல். வியாழன். ஆண்கள் பக்கத்தில் யாரோ, "ஏய், நம்ம ஷெட்டு ஆணிடா" என்றார். சனி. துணி வெள்ளையாகத் தொங்கியது. அடியில் ஒரு ஓரம் மட்டும் மடிந்திருந்ததால் கறுப்பாக இருந்தது.

அந்த ஆணிக்கு அடுத்த ஆணியில் நடராசனின் கருநீலச் சட்டையின் கை படத்தில் விழுந்திருந்தது. அதுவும் நீலமாக இல்லை.

பிறகு அந்த இரண்டு எக்ஸ்ரே.

"நல்ல நுரையீரல் எது? வாயால சொல்ல வேணாம். ஒருத்தர் வந்து தொட்டுக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

யாரும் எழவில்லை. பூவாயிதான் எழுந்து போனார். பழக்கத்தில் கை வெள்ளைப் பக்கம் போனது. பாதியில் நின்றது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கறுப்பைத் தொட்டார்.

"இது செவ்வாக்கெழம" என்றார். கையை நகர்த்தி வெள்ளையைத் தொட்டார். "இது சனிக்கெழம."

அதற்கு மேல் டாக்டர் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

நடராசனின் குரல் எழுந்தது. ஆறு நாளாக அம்சவல்லி கேட்காத குரல்.

"டாக்டரம்மா, அந்தத் துணிய தொவச்சா போயிடும்ல?"

"துணியத் தொவைக்கலாங்க," என்றார் டாக்டர். "இதத் தொவைக்க முடியாது."

நடராசன் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றபடியே திரையைப் பார்த்தார். மற்றவர்களைத் தாண்டி வாசலுக்குப் போனார். வண்டியில் அன்று முதலில் ஏறியது அவர்தான். அவருக்குப் பின்னால் சாயங்காலம் வரை ஐம்பத்திரண்டு பேர் ஏறினார்கள்.

பத்து நாள் கழித்து ஃபிலிம்கள் வந்தன. ஐம்பத்து மூன்று பேரில் ஒன்பது பேருக்கு அடையாளம் இருந்தது. அதில் நான்கு பேர் பெண்கள். பூவாயிக்கு இல்லை. நடராசனுக்கு இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பீரோவிலிருந்து பழைய ஃபிலிமை அவரே எடுத்து வந்தார். இரண்டையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். இப்போது அவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. பழையதில் பெரும்பாலும் தனித்தனியாக இருந்த புள்ளிகள் புதியதில் சேர்ந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் திட்டாகியிருந்தன.

"ரெண்டு வருசத்துல இம்மாமா?" என்றார்.

புதியதை இறக்கிவிட்டுப் பழையதை மட்டும் மறுபடியும் பிடித்தார்.

"அன்னிக்கே அந்த டாக்டரு ஒரு மாசத்துல வரச் சொன்னாரு. போயிருக்கலாம்."

"போயிருந்தாலும் மில்லுக்குத்தாங்க திரும்பப் போயிருப்பீங்க."

"ஆமா" என்றார் அவர். "போயிருப்பேன்."

மறுநாள் ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி கெட்டவரில்லை. வெளியே லாரியில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நிற்கச் சொன்னார். மில்லுக்கு மேலே ஒரு பெரிய விசிறியை வைத்து, சலிக்கிற இடத்தைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினார். பக்கத்து ஷெட்டுகளில் இரண்டில் அதுவும் நடக்கவில்லை. அங்கே மில் முன்பு போலவே சுற்றியது. நடராசன் இருந்த மில்லில் வேப்பூர் பக்கத்து ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார்.

லாரி ஏற்றுகிற வேலையும் நடராசனால் எட்டு மாதத்துக்கு மேல் செய்ய முடியவில்லை. மூட்டையைத் தூக்கினால் உதடு நீலமானது. அடுத்த சித்திரையிலிருந்து கடையில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை வைப்பார், எடுப்பார். நல்ல நாளில் பக்கத்து மருந்துக் கடை வரை நடந்து பேசிவிட்டு வருவார். சில நாள் பேச்சு பாதியில் நின்றுவிடும். எதிரில் இருப்பவர்கள் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

2009 தையில் டாக்டர் பூர்ணிமா மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த வகுப்பைக் கல் உடைக்கிற இடங்களிலும், வேறு மாவட்டத்து அரவை ஆலைகளிலும் எடுக்கப் போகிறார்கள். அம்சவல்லியும் கூட வர வேண்டும் என்றார். பிறகு தயங்கினார். அவர்களிடம் இருக்கிற எக்ஸ்ரே வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. ஒரே ஆளின் இரண்டு ஃபிலிம், இரண்டு வருட இடைவெளியில், இந்த ஊர் ஆளுடையது கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கேட்கத்தான் மனசு வரவில்லை என்றார்.

அம்சவல்லி கணவரைப் பார்த்தார். "அவரக் கேளுங்க மேடம். அது அவரோடது."

நடராசன் மெஷினில் இருந்த தாளை எடுத்து அடுக்கினார். கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"பேரு போடாதீங்க. ஊரு போடுங்க" என்றார்.

டாக்டர் போன பிறகு அம்சவல்லி இரண்டு ஃபிலிமையும் ஸ்கேன் செய்து ஸ்லைடில் வைத்தார். இடது பக்கம் 2005, வலது பக்கம் 2007. இரண்டும் அளவாக, நடுவில் இடைவெளி விட்டு, சுற்றி ஓரம் விட்டு இருந்தன. அழகாகத்தான் இருந்தது. நடராசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தன் நெஞ்சையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"சின்னதா இருக்குது" என்றார்.

"ரெண்டு படம் வைக்கணும்ல. அதான்."

"அந்த ஓரமெல்லாம் எதுக்கு? எடுத்துடு."

அம்சவல்லி ஓரத்தை எடுத்தார். படங்கள் பெரிதாயின.

"இன்னும்" என்றார் நடராசன்.

பெரிதாக்கினார். விலா எலும்புகள் திரையின் மேல் விளிம்பைத் தொட்டன.

"இன்னும் பண்ணு அம்சா. கண்ணாடி போடாதவன்கூட பாக்கணும்."

அம்சவல்லி மௌஸைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். எலும்புகள் விளிம்புக்கு வெளியே போயின. தோள் போனது. கடைசியில் திரையில் அந்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் நின்றன.

"போதும்" என்றார் நடராசன். "இத வச்சுக்க."